வட்டம் அளந்த ரெஜினா அம்மா

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு ஆட்டோ ஓட்டி வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் ஆள் இல்லை. ஒரு தெர்மாகோல் பெட்டி மட்டும் இருந்தது. அங்குள்ள சிறிய மருத்துவமனை ஒன்றில் படுத்திருக்கும் நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த சீழ், சின்னக் குப்பி ஒன்றில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நாகல் நகரில் இருக்கும் ரெஜினா அம்மாவின் பரிசோதனைக் கூடத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். வழியில் போன் அடித்தது. அம்மாவிடம் பல வருடமாக வேலை பார்க்கும் தங்கவேல் பேசினார்.

"அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"அம்மா காலைல எந்திரிக்கல. மாரடைப்புன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போயிட்டாங்கண்ணே."

 நேரே அம்மாவின் வீட்டுக்குப் போகலாம் என்று வண்டியைக் கிளப்பினேன். பாதி தூரம் போனபோதுதான் பின்னால் இருக்கும் பெட்டி நினைவுக்கு வந்தது. வெயிலில் சீழ் கெட்டுப் போனால் அந்த நோயாளிக்குத் தவறான முடிவு போகும். அம்மா இதை எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! எனவே முதலில் கூடத்துக்குப் போய்ப் பெட்டியை இறக்கி, குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர்கள் முகத்தைப் பார்க்கப் போனேன். இறந்தவரைப் பார்க்கப் போகிறவன் சீழ்க் குப்பியை இறக்கிவிட்டா போவான் என்று அம்மாவைத் தெரியாதவர்கள் கேட்கலாம். தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஏழாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தில் நானும் நாலு வரி எழுத வேண்டும் என்று தங்கவேல் சொன்னார். பத்தாம் வகுப்பை இரண்டாவது முயற்சியில் தாண்டியவன் நான். அதில் என்னைக் கவிழ்த்த பாடமே அறிவியல்தான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா அம்மாவை எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். அவர்கள் டாக்டர் இல்லை. கிருமிகளைப் பற்றிப் படித்தவர்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருந்த குடும்பத்தில் பிறந்து, வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல் வந்து சேர்ந்தார்கள். நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகள் பிடித்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "எனக்கு வீட்ல ஆயிரம் கோடிப் பேரு வளருறாங்க, அவங்களப் பாத்துக்கவே நேரமில்ல" என்று கிருமிகளைக் கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள்.

முதல் நாள் என் ஆட்டோவில் ஏறியபோது மடியில் இதே போன்ற ஒரு பெட்டி.

"குலுங்காம போங்கண்ணே."

"குலுங்காம போக இது பல்லக்கு இல்லம்மா, ஆட்டோ."

"அப்பப் பள்ளத்தப் பாத்து ஒதுங்கிப் போங்க. உள்ள சாமான் இருக்கு."

"என்ன சாமான், கண்ணாடியா?"

"ஒருத்தரோட சீழு."

நான் பிடித்த பிரேக்கில் அவர்கள் நெற்றி முன் கம்பியில் இடித்தது. பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். நெற்றியைத் தடவியபடி, "சாமானுக்கு ஒண்ணும் ஆகல, போங்க" என்றார்கள். அன்று முதல் ஊரிலுள்ள மருத்துவமனைகளிலிருந்து அவர்களுக்குப் பெட்டி சுமக்கும் வேலை எனக்கு வந்தது. பள்ளத்தைப் பார்த்து ஓட்டவும் அன்றுதான் கற்றேன். என் வண்டியில் ஏறும் கர்ப்பிணிப் பெண்கள் இதற்காக அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அவர்கள் செய்யும் வேலையை ஒருநாள் எனக்குக் காட்டினார்கள். வட்டமான சின்னக் கண்ணாடித் தட்டில், ஆறிய கஞ்சி போல் உறைந்த ஒரு பொருள். அதன் மேல் சீழில் இருந்த கிருமியைத் தடவி, பொட்டு அளவுக்கு வெட்டிய காகிதத் துண்டுகளை வைப்பார்கள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். கிருமியைக் கொல்லும் மருந்தின் பொட்டைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் தெரியும். வட்டம் பெரிதாக இருந்தால் அந்த மருந்தை டாக்டர் நம்பிக் கொடுக்கலாம். வட்டமே இல்லையென்றால் அந்தக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று பொருள். ஸ்கேல் வைத்து வட்டத்தை அளந்து எழுதுவதுதான் அம்மாவின் காலை வேலை. ஒருமுறை அளந்து எழுதுவார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளப்பார்கள்.

வருடம் ஏற ஏற அவர்கள் முகம் வாடியது. "வந்த புதுசுல இந்த மருந்துக்கு வட்டம் இம்புட்டு இருக்கும்ணே" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டுவார்கள். "இப்பப் பாருங்க, பொட்டு மட்டும் தனியா நிக்குது."

அதில் என் பங்கும் இருந்தது. என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மீதியை அந்த டப்பாவில் போட்டுவிடுவோம். அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமே! ஸ்டாண்டில் யாருக்காவது இருமல் என்றால் நானே டப்பாவைத் திறந்து, சிவப்பு மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று நிறம் பார்த்துக் கொடுப்பேன். "ஏலே, பாண்டிகிட்டப் போ, கைராசிக்காரன்" என்று எனக்குப் பேரே இருந்தது. அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்கள். டப்பாவை வாங்கித் திறந்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்தார்கள்.

"பாண்டிண்ணே, உங்க மாமனார் கத்தரிச் செடியில எதை விதைக்கு விடுவாரு?"

"பூச்சி அடிச்சும், வெயிலடிச்சும் தாங்கி நிக்குறதத்தான்."

"நீங்களும் அதத்தான் பண்றீங்க. ரெண்டு நாள் மருந்துல சாகுற கிருமியெல்லாம் செத்துப் போச்சு. தாங்கி நின்னத விதைக்கு விட்டுட்டீங்க. அந்த விதைய ஸ்டாண்டு பூரா வேற குடுத்திருக்கீங்க."

அன்றே டப்பாவைக் காலி செய்தேன். செய்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பாதியைத்தான் காலி செய்திருந்தேன் என்பதை இன்று இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, நாற்பத்தெட்டாவது வயதில், அம்மா மறுபடி படிக்கத் தொடங்கினார்கள். பழைய மருந்துகளோடு வெள்ளியின் நுண் துகள்களைச் சேர்த்தால் பழகிப்போன கிருமிகள் சாகுமா என்பது ஆராய்ச்சி. வேலைக்கு முருங்கை இலை வேண்டும் என்றார்கள். மாமனார் தோட்டத்திலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தேன். இலையை வேகவைத்து, வடித்து, அந்தச் சாற்றில் வெள்ளி உப்பைக் கரைத்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். வெளிறியிருந்த தண்ணீர் கண் முன்னே மெல்லப் பழுப்பாகும். நல்ல டிகாஷன் நிறம்.

"இப்ப இதுக்குள்ள வெள்ளி தூளாயிருக்கு. நானோ துகள்னு பேரு. ஒரு தலைமுடி தடிமனுக்குள்ள ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும்."

"கண்ணுக்குத் தெரியாததையா இம்புட்டு நேரம் வேகவச்சீங்க?"

"கிருமியும்தான் தெரியாது. அது படுத்துற பாடு தெரியுதுல்ல?"

பிறகு ஒரு தட்டைக் காட்டினார்கள். அதில் மூன்று பொட்டுகள். ஒன்றில் பழைய மருந்து மட்டும், சுற்றிலும் வட்டமே இல்லை. இன்னொன்றில் வெள்ளி மட்டும், சின்ன வட்டம். மூன்றாவதில் இரண்டும் சேர்த்து. அங்கே நிலா மாதிரி பெரிய வட்டம். 

"எப்படிம்மா?"

"வெள்ளி கிருமியோட சுவத்துல ஓட்டை போடுது, அது வழியா மருந்து உள்ள போகுது. அப்படித்தான் நினைக்கிறோம். நிச்சயமாத் தெரியாது."

நிச்சயமாகத் தெரியாது என்ற கடைசிப் பகுதி என் காதில் ஏறவே இல்லை. ஸ்டாண்டுக்குப் போய், எங்க டாக்டரம்மா எந்தப் புண்ணையும் ஆற்றும் தண்ணீர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வாரம் பேசினேன்.

அடுத்த ஐப்பசி மழையில் என் மகள் செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது சைக்கிளோடு வழுக்கி, ரோடு போடக் குவித்திருந்த ஜல்லியில் விழுந்தாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சதை கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். ஐந்தாம் நாள் தையலில் சீழ் வைத்தது. அந்தச் சீழை நானேதான் பெட்டியில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். அத்தனை வருடத்தில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேறொருவர் ஆட்டோவில் பயணியாகப் போனது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் தட்டில் பத்துப் பொட்டுகள் இருந்தன. எட்டைச் சுற்றி வட்டமே இல்லை. இரண்டுக்கு மட்டும் சின்ன வட்டம். தாங்கி நின்ற விதை எங்கெங்கோ சுற்றி என் வீட்டுக்கே வந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

நேரே அம்மாவிடம் ஓடினேன்.

"அந்தப் பழுப்புத் தண்ணிய ஊத்துங்கம்மா."

"மாட்டேன்ணே."

"நிலா மாதிரி வட்டம் வந்துச்சே! நானே என் கண்ணால பாத்தேனே!"

"தட்டுல கிருமி மட்டுந்தான் இருந்துச்சு. கால்ல சதை இருக்கு, ரத்தம் இருக்கு, நரம்பு இருக்கு. கிருமியோட சேத்து அதையும் கொன்னா? எலிக்குக் கூட இன்னும் குடுத்துப் பாக்கல."

"உங்க புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாத சொல். அம்மா பழுப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

"என் புள்ளையா இருந்தா அந்தப் பாட்டில வார்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன். நீங்க போங்க. நான் வேற வழி தேடுறேன்."

நான் கோபத்தோடு வீட்டுக்குப் போனேன். போய் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அம்மாவைப் பற்றி எழுத இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

செல்வியின் வெள்ளிக் கொலுசை எடுத்தேன். கொல்லை முருங்கையில் இரண்டு கொத்து ஒடித்தேன். இரண்டையும் ஒரு குண்டானில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பானது. கீரையை அவ்வளவு நேரம் கொதிக்கவிட்டால் யார் வீட்டுக் குண்டானிலும் பழுப்பாகத்தான் ஆகும். எனக்கோ அந்த நிறத்தைப் பார்த்ததும் கோட்டு போட்ட விஞ்ஞானியாகிவிட்ட நினைப்பு. ஆறவைத்து, மறுநாள் பிளாஸ்கில் ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் மனைவி காபி வாங்கப் போன நேரம் பார்த்துக் கட்டைத் தளர்த்தி ஊற்றினேன். "அப்பா, என்னப்பா இது?" என்று கேட்ட பிள்ளையிடம், "டாக்டரம்மா குடுத்த மருந்து" என்றேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் ஏறியது. புதிதாக எடுத்த சீழைத் தட்டில் வளர்த்தபோது பழைய கிருமியோடு இன்னொன்றும், பச்சை நிறம் பாய்ச்சிக்கொண்டு, வளர்ந்திருந்தது. அம்மா நேரே வார்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சிஸ்டர், இது ஈரத்துல வளருற கிருமி. புண்ணுல தண்ணி பட்டிருக்கு. யாரு கழுவுனது?"

கட்டுப் போடும் சிஸ்டர் சின்னப் பெண். "நான் மருந்துத் தண்ணியத் தவிர எதுவும் தொடலம்மா" என்று அழ ஆரம்பித்தது. வார்டே அந்தப் பெண்ணைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். சுவரை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

"அந்தப் பொண்ணு இல்லம்மா. நாந்தான்" என்றேன்.

வராந்தாவுக்குக் கூட்டிப்போய் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், பரிசோதனைக்கு விவரம் எழுதிக்கொள்கிறவர்கள் போல.

"என்ன ஊத்துனீங்க?"

"கொலுசுத் தண்ணி."

"கொலுசக் கழுவுனீங்களா?"

"சோப்புப் போட்டு."

"எதுல வடிகட்டுனீங்க?"

"வேட்டியில."

"துவச்ச வேட்டியா?"

நான் குனிந்து இடுப்பு வேட்டியைப் பார்த்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே இருந்தன.

"கொலுசு கரையாதுண்ணே. ஒரு வருசம் கொதிக்க வச்சாலும் கொலுசு கொலுசாத்தான் கெடக்கும்." பிறகு சிரிப்பு நின்றது. "தப்பு என் மேலயும் இருக்கு. உங்களுக்கு வட்டத்தக் காட்டுன நான், அந்த வட்டம் எங்க வரைக்கும்தான் செல்லும்னு காட்டாம விட்டுட்டேன். வாங்க, டாக்டர்ட்டச் சொல்லுவோம். நீங்களே சொல்லணும். முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட."

சொன்னேன். அந்தச் சிஸ்டர் என்னை மன்னித்தது. என் மனைவி இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

அந்த வாரம் அம்மா வேறு வேலையே பார்க்கவில்லை என்று தங்கவேல் சொல்வார். இருக்கிற மருந்துகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, எந்த இரண்டு சேர்ந்தால் செல்வியின் கிருமிகளுக்கு வட்டம் கூடுகிறது என்று தட்டு தட்டாகப் பார்த்தார்கள். ஒரு ஜோடி கிடைத்தது. டாக்டர் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கெட்ட சதையைச் சுரண்டி எடுத்தார். வெள்ளித் துகள் உள்ள கட்டுத் துணி ஒன்று, முறையாகச் சோதித்து விற்பனைக்கு வந்தது, மதுரையில் கிடைக்கிறது என்று அம்மாதான் விசாரித்துச் சொன்னார்கள். மேலே அந்த வெள்ளித் துணி, உள்ளே அந்த ஜோடி மருந்து. ஆக, வெள்ளி என் மகள் காலுக்கு வரத்தான் செய்தது. என் குண்டான் வழியாக இல்லாமல், வர வேண்டிய வழியாக வந்தது.

ஆறு வாரம் மருந்து. நாலாம் வாரமே புண் காய்ந்துவிட்டது. "ஆறிடுச்சேம்மா, இன்னும் எதுக்கு?" என்று நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டேன். அன்று மாலையே வீட்டுக்குப் போய் டப்பாவின் மறுபாதியையும் காலி செய்தேன். செல்வியின் கால் தப்பியது. கொஞ்சம் சாய்த்து நடப்பாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு யார் வந்து கூடத்தில் தட்டைப் பார்த்து வியந்தாலும் அம்மா முதலில் சொல்வது, "இது தட்டுல மட்டும்" என்பதுதான். மருந்தாக எப்போது வரும் என்று நான் கேட்பேன். "பத்து வருசம் ஆகலாம். வராமலும் போகலாம்" என்பார்கள். "பத்து வருசம் என் ஆட்டோ தாங்காதும்மா" என்பேன். "புது ஆட்டோ வாங்குங்க, பழைய கிருமி காத்திருக்கும்" என்பார்கள். ஆராய்ச்சியை எழுதி முடிக்க இன்னும் சில தட்டுகள்தான் பாக்கி என்று போன மாதம் சொன்னார்கள்.

புதன்கிழமை மதியம் அடக்கம். செல்வி கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை கூட்டத்தோடு நடந்தாள். வண்டியில் ஏறு என்றேன். "நடக்குறேன்பா" என்றாள். நான் ஆட்டோவை ஓரமாக விட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தேன்.

எல்லாம் முடிந்ததும் தங்கவேல் என் தோளைத் தொட்டு, "கூடம் வரைக்கும் வாங்கண்ணே, தனியாப் போக முடியல" என்றார். திங்கட்கிழமை மாலை அம்மா தன் கையால் போட்டு வைத்த தட்டு ஒன்று, கிருமி வளர வைக்கும் சூட்டுப் பெட்டிக்குள் இருந்தது. ஆராய்ச்சிக்கான தட்டு. புது நோயாளி ஒருவரின் கிருமி. வழக்கமான மூன்று பொட்டுகள்: மருந்து, வெள்ளி, இரண்டும் சேர்ந்தது. நோட்டில் அம்மாவின் கையெழுத்தில் தேதியும் பெயரும் இருந்தன. அளவு எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன.

தங்கவேல் ஸ்கேலை வைத்தார். மூன்றாவது பொட்டின் வட்டம் இரண்டாவதைவிடப் பெரிதாக இல்லை. இந்தக் கிருமிக்கு மருந்தும் வெள்ளியும் சேர்ந்த ஜோடி எடுபடவில்லை. மறுபடி அளந்தார். அதே அளவு. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு நாள் கூடுதலாக் கெடந்துருச்சு, அதனாலன்னு எழுதவா? இல்ல, ரெண்டு மில்லிமீட்டர் கூட்டிப் போட்டா யாருக்குண்ணே தெரியும்? கடைசித் தட்டுண்ணே. அம்மாவோட கடைசித் தட்டு."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவர்களுக்கு நாம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? ஆனால் ஆசைப்பட்டு நான் ஊற்றிய தண்ணீர் என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். எங்கோ ஒரு தகப்பன் இந்த எண்ணை நம்பித் தன் பிள்ளையின் காலைக் கொடுப்பான்.

"உள்ளதப் போடு தங்கவேலு. ஒரு நாள் கூடக் கெடந்ததையும் சேத்துப் போடு."

அவர் எழுதினார். அம்மாவின் எழுத்துக்குக் கீழே அவருடைய எழுத்து: "வித்தியாசம் இல்லை."

வேலை முடிந்த தட்டை அப்படியே குப்பையில் எறியக் கூடாது. கிருமி சாகும்வரை நீராவியில் வைக்க வேண்டும். அதற்கென்று அங்கே ஒரு பெரிய இரும்புக் குக்கர் உண்டு. தங்கவேல் தட்டை உள்ளே வைத்து மூடியைத் திருகினார். ஆவி ஏறியது. இரண்டு பேருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் அழுத்த முள் ஏறி நின்றதிலிருந்து இருபது நிமிடமும், ஒரு நிமிடம் குறையாமல், அந்தக் குக்கருக்கு முன்னால் நின்றோம்.

போய் வாருங்கள் அம்மா. தட்டு அவிந்துவிட்டது. நோட்டு சரியாக இருக்கிறது.